ஊரைப் புடிங்க, பேர் தானா வரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல குடும்ப வரலாறு பத்திதான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க கொள்ளுத்தாத்தா பேர் வரைக்கும்தான் தெரியும். வெளிநாட்டுல சென்சஸ் லிஸ்ட்லயே அஞ்சு தலைமுறை எடுத்துடறாங்களாமே, நம்ம ஊர்ல அந்த மாதிரி எங்க பாக்கறது? (ரிட்டயர்டு டீச்சர், மன்னார்குடி)

சென்சஸை மறந்துடுங்கம்மா. 1871ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒருதடவை எடுத்துட்டுதான் இருந்தாங்க, ஆனா ஆள் பேர் எழுதுன தாளை எல்லாம் வச்சுக்கலை, கூட்டல் கணக்கு மட்டும்தான் நமக்கு மிஞ்சுச்சு. போதாததுக்கு நமக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல் தலைமுறைக்கு தலைமுறை மாறிடும், ஒரே தெருவுல அஞ்சு சுப்பிரமணியன் இருப்பாங்க. அதனால பேரை துரத்துனா பாதி வழியில நின்னுடும். ஊரையும் நிலத்தையும் புடிச்சுக்கோங்க, நிலம் எங்க இருக்கோ அங்க சர்க்கார் பேனா போயிருக்கும், பேனா போன இடத்துல உங்க ஆளுங்க பேர் இருக்கும்.

முதல்ல வீட்டு டிரங்குப்பெட்டி. கிரையப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது, கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், எதையும் வேஸ்ட்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பத்திரத்துல முதல் பத்து வரியை நிதானமா படிங்க. "இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்"னு ஆரம்பிக்கும், அதுலயே ரெண்டு தலைமுறை வந்துடுச்சு. அப்புறம் "பிதுரார்ஜிதமாய் பாத்தியப்பட்ட"ன்னு இருந்தா நிலம் அப்பா வழி வந்தது, "சுயார்ஜிதம்"னா அவரே சம்பாதிச்சது, அப்போ அவருக்கு முன்னாடி ஆளுங்க வேற ஊரா இருக்கலாம். "மைனருக்கு கார்டியனும் தாயாருமான"ன்னு ஒரு வரி வந்தா அதை விட்டுடாதீங்க, வேற எங்கயுமே எழுதியிருக்காத ஒரு பொம்பளை பேர் அங்க கிடைக்கும், அந்தப் புள்ளைக்கு அப்பா சின்ன வயசுலயே போயிட்டாருங்கிறதும் சேர்ந்து கிடைக்கும். நான்கெல்லை எழுதுற இடத்துல பக்கத்து நிலத்துக்காரங்க பேர் இருக்கும், அவங்க பெரும்பாலும் பங்காளிங்கதான்.

பத்திரம் கையில இல்லைன்னா வில்லங்கம், அதாவது அந்த நிலத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல், போட்டுப் பாருங்க. 1975க்கு அப்புறம் உள்ளது பெரும்பாலும் பதிவுத்துறை வெப்சைட்லயே இலவசமா பாக்கலாம், அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு தேடச் சொல்லணும். நம்பரும் வருஷமும் கிடைச்சிட்டா சான்றிட்ட நகல் வாங்கிடலாம். ஒரு பத்திரத்துல முந்தின பத்திரத்தோட நம்பர் இருக்கும், அதுல அதுக்கும் முந்தினது, இப்படியே கோர்த்துட்டுப் போனா நிறைய பேருக்கு நூறு வருஷம் தாண்டிடும். அதுக்கும் மேல போகணும்னா சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, 1909ல இருந்து அதே கட்டடத்துல. உங்க முன்னோர் கோயில் ஊழியம், அக்ரஹாரம், சத்திரம்னு ஏதாவது மானியம் அனுபவிச்சவங்கன்னா, 1860கள்ல இனாம் கமிஷன் ஊர் ஊரா எழுதுன இனாம் ரிஜிஸ்டரை கேளுங்க. மானியம் யார் கொடுத்தது, அப்போ அனுபவத்துல யார் இருந்தாங்கன்னு எல்லாம் பேர் பேரா எழுதியிருப்பாங்க.

ஒரு எச்சரிக்கை, பாகப்பிரிவினைப் பத்திரத்தை மட்டும் வச்சு குடும்ப மரம் போட்டுடாதீங்க. 1989ல தமிழ்நாட்டுல சட்டம் திருத்தி பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு ஆக்குறதுக்கு முன்னாடி, அண்ணன் தம்பி பேர் மட்டும்தான் அதுல வரும். அக்கா தங்கச்சி எத்தனை பேர்னு வீட்டுப் பெரியவங்ககிட்டதான் கேக்கணும். அதை இன்னைக்கே கேளுங்க, காப்பகம் அடுத்த வருஷமும் இருக்கும்.

கேள்வி: தாத்தாவோட பழைய பத்திரம் கிடைச்சிருக்கு, தமிழ்தான் ஆனா எனக்கு ஒரு வரி கூட படிக்க வரலை. இதுக்கு கிளாஸ் ஏதாவது இருக்கா? (ஐடி ஊழியர், கோவை)

படிக்க வராததுக்கு காரணம் கூட்டெழுத்து, புள்ளி வைக்காத எழுத்து, அப்புறம் தமிழ் எண்களும் குறியீடுகளும். வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸, இந்த அஞ்சையும் ௧ல இருந்து ௰ வரைக்கும் எண்களையும் ஒரு தாள்ல எழுதி பக்கத்துல வச்சுக்கிட்டாலே பாதி புரிய ஆரம்பிச்சிடும் தம்பி. நிலப் பத்திரம்னா குழி, மா, வேலி அளவும், முந்திரி, காணி, அரைக்காணின்னு பின்னமும் வரும். வருஷத்தை பேரால எழுதியிருந்தா ஜாக்கிரதை, அறுபது வருஷத்துக்கு ஒருதடவை அதே பேர் திரும்ப வரும். தாது வருஷம்னா 1876ஆ இருக்கலாம், அதுதான் ஜனங்க இன்னமும் தாது வருஷப் பஞ்சம்னு சொல்றது, 1936ஆவும் இருக்கலாம். முத்திரைத்தாள்ல ராணி படமா ராஜா படமான்னு பாத்தா தெரிஞ்சிடும்.

கிளாஸ்னா, முழுசா இறங்கணும்னு ஆசை இருந்தா மாநில தொல்லியல் துறை நடத்துற முதுநிலை பட்டயப் படிப்பு ரெண்டு வருஷம், கல்வெட்டு எல்லாம் முறையா சொல்லித்தருவாங்க. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் தனித்தனி துறையே இருக்கு. தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துல சுவடி படிக்க பயிற்சி குடுக்குறாங்க. வேலைக்குப் போற உங்களுக்கு தமிழ் மரபு அறக்கட்டளை மாதிரி அமைப்புங்க லீவு நாள்ல நடத்துற பயிலரங்கம்தான் தோதுப்படும்னு நினைக்கிறேன், எப்போ யாருக்குன்னு அவங்ககிட்டயே விசாரிச்சுட்டு சேருங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு வேண்டியது கல்வெட்டு இல்ல, 1800, 1900கள் கையெழுத்து. அதுக்கு நல்ல வாத்தியார் உங்க தாலுகாவுல இருக்குற வயசான பத்திர எழுத்தர்தான். இல்லைன்னா பழைய கர்ணம் (ஊர்க் கணக்கு எழுதுனவர்) குடும்பத்துல யாராவது. பரம்பரை கர்ணம், மணியம் (ஊர்த் தலைவர்) பதவியை 1980ல எடுத்துட்டாங்க, இருந்தும் அந்த வீடுகள்ல இந்த எழுத்தை சரளமா வாசிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. பத்திரத்தோட ஒரு மத்தியானம் போய் பக்கத்துல உக்காருங்க.

கேள்வி: எங்களுக்கு நிலமே இருந்ததில்ல. தாத்தா பண்ணையாள். எழுதி வச்சதுன்னு ஒண்ணுமே இருக்காதா? (காலேஜ் மாணவி, விழுப்புரம் பக்கம்)

இருக்கும்மா. நிலத்தைப் புடிங்கன்னு மேல சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது, நிலத்துல உழைச்சவங்க பேரை நிலத்துக்காரன் பத்திரத்துல எழுத மாட்டான். நீங்க வேற வாசல் வழியா போகணும்.

முதல் வாசல் பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேடுங்கிறது நிரந்தரமா வச்சிருக்க வேண்டிய ரெக்கார்டு. குடும்பத்துல முதன்முதலா ஸ்கூல் வாசல் மிதிச்சது யாரோ, அவங்க சேர்ந்த ஸ்கூலுக்குப் போய் தலைமை ஆசிரியர்கிட்ட கேளுங்க. அப்பா பேர், பிறந்த தேதி, ஊர், எந்த வகுப்போட நின்னாங்கங்கிறது வரைக்கும் ஒரே வரியில இருக்கும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீங்க, கையை தலைக்கு மேல சுத்தி காதைத் தொடச் சொல்லி வாத்தியாரே ஒரு தேதி போட்ட காலம் அது.

ரெண்டாவது, பஞ்சமி நிலம். 1892ல அரசாங்கம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்க ஆரம்பிச்ச நிலம், வேற யாருக்கும் விக்கக்கூடாதுங்கிற நிபந்தனையோட. உங்க ஊர்ல எந்த சர்வே நம்பர் யார் பேர்லன்னு எழுதுன பழைய 'அ' பதிவேட்டையும் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரையும் பாருங்க, நிலமே இல்லைன்னு நினைச்ச குடும்பத்துக்கு ஒரு காலத்துல இருந்துச்சுன்னு தெரிய வரலாம், அப்புறம் அது எப்படி கைமாறுச்சுங்கிறது தனிக் கதை, அதையும் எழுதுங்க. தாலுகா ஆபீஸ்ல குடுக்க யோசிச்சா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டி எழுத்துல கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்.

மூணாவது, குடும்பத்துல யாராவது எப்பவாவது கிறிஸ்தவத்துக்குப் போயிருந்தா சர்ச்சுல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்னு மூணு பதிவேடு இருக்கும், ஜாதி பாக்காம எல்லார் பேரையும் எழுதி வச்ச புத்தகங்கள்ல அது ஒண்ணு. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத் நிக்காஹ் புத்தகம் அதே மாதிரி. பட்டாளத்துக்குப் போய் உலகப்போர்ல செத்தவங்க இருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல பேர் போட்டுத் தேடுங்க, நிறைய பேருக்கு அப்பா பேரும் ஊரும் சேர்த்தே போட்டிருக்கு.

எல்லாத்தையும் விட பெருசு குலசாமி. ஊரை விட்டுப் போறவங்க பழைய கோயில்ல இருந்து பிடிமண் எடுத்துட்டு வந்து புது ஊர்ல சாமியை வச்சுக்குவாங்க. அதனால "நம்ம சாமிக்கு பிடிமண் எங்க இருந்து வந்துச்சு"ன்னு பாட்டிகிட்ட கேளுங்க, அந்த ஒரு கேள்விக்கு முந்தின ஊர் பேர் வந்துடும். அந்தக் கோயில்ல தலைக்கட்டு வரி நோட்டு வச்சிருப்பாங்க, எந்தெந்த வீடு பங்காளின்னு அதுல தெரியும். அப்புறம் பாட்டிக்கு ஒப்பாரி தெரியும்னா பாடச் சொல்லி போன்ல பதிவு பண்ணுங்க. பொறந்த வீடு, அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த ஊர் எல்லாம் பாட்டுக்குள்ளதான் இருக்கு. செத்த வீட்டுப் பாட்டை சும்மா பாடக்கூடாதுன்னு சிலர் மறுப்பாங்க, அப்போ வற்புறுத்தாதீங்க, தாலாட்டு கேளுங்க.

கேள்வி: எங்க பாட்டனார் நாமக்கல் பக்கம் இருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், ஈப்போ)

இது கஷ்டமான கேள்வி. ஒப்பந்தக் கூலியா தென்னாப்பிரிக்காவுக்கோ மொரீஷியஸுக்கோ போயிருந்தா சுலபம். சென்னையில இருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன்ல சேர்ந்ததுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும், நேட்டால் கப்பல் பட்டியல்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம்னு வரிசையா இருக்கு. மொரீஷியஸ்ல மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்துல குடியேற்றப் பதிவேடுகள் இருக்கு, சிலருக்கு போட்டோ கூட உண்டு.

மலாயாவுக்கு ஒப்பந்த முறை 1910ல நின்னுபோச்சு, அதுக்கப்புறம் பெரும்பாலும் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி, கூட்டிட்டு வந்ததுதான். கங்காணி தன் சொந்த ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் சொந்தக்காரங்களையும்தான் கூட்டிட்டு வருவார், அதனால உங்க பாட்டனாரோட ஒரே லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) இருந்த மத்த குடும்பங்களுக்கு ஊர் பேர் ஞாபகம் இருக்கான்னு விசாரிங்க, ஒருத்தர் ஊர் தெரிஞ்சா எல்லார் ஊரும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும். பாட்டனாரோட குடியுரிமை சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், இறப்புச் சான்றிதழ், கல்லறைக் கல்லு, ஊருக்கு அனுப்புன மணியார்டர் ரசீது, இதுல ஏதோ ஒண்ணுல தபால் ஆபீஸ் பேர் இருக்கும். நாமக்கல் அப்போ சேலம் ஜில்லா, ஆனா 1910ல இருந்து கொஞ்ச காலம் திருச்சி ஜில்லாவுல இருந்துச்சு, அதனால ரெண்டு பேர்லயும் தேடுங்க. குலசாமி பேரும் கூட்டத்துப் பேரும் (குலப் பிரிவோட பேர்) தெரிஞ்சா அதையும் சேர்த்து எழுதுங்க, கொங்கு பக்கம் அது ரெண்டும் இருந்தாலே ஊரை நெருங்கிடலாம்.

கேள்வி: எங்க கிராமத்து வரலாறு எழுத ஆசை. எங்க போய் என்ன படிக்கணும்? (பிளஸ் டூ மாணவன், புதுக்கோட்டை மாவட்டம்)

உனக்கு பக்கத்துலயே ஆளுங்க இருக்காங்க தம்பி, புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகத்தோட முதல்ல பேசு. இதே மாதிரி சிவகங்கை தொல்நடைக் குழு, திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம்னு பல மாவட்டத்துல இருக்கு, அவங்களோட ஒரு நாள் களப்பயணம் போனா கத்துக்கறது ரொம்ப அதிகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல பழைய நூல்கள் இலவசம். சென்னை வந்தா கன்னிமாரா நூலகமும், தரமணி ரோஜா முத்தையா நூலகமும் பாரு. அது கோட்டையூர்க்காரர் ஒருத்தர் வாழ்நாள் பூரா சேர்த்தது, புத்தகம் மட்டும் இல்ல, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வரைக்கும் எடுத்து வச்சிருந்தார். வெள்ளைக்கார சர்வே அதிகாரி கர்னல் மெக்கன்சி 1821ல சாகுற வரைக்கும் ஆள் விட்டு ஊர் ஊரா எழுதி வாங்குன கைபீதுங்க (ஊர் வரலாற்றுக் குறிப்புங்க) அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல இருக்கு. ஆனா வேலையை ஆரம்பிக்க வேண்டியது உங்க ஊர் வயல் பேர்கள்ல இருந்து. தோப்படி, மாலைக்கட்டி, சாவடிக்கொல்லைன்னு பெரியவங்க சொல்ற பேர் எதுவும் கம்ப்யூட்டர் பட்டாவுல இல்ல, சர்வே நம்பர் மட்டும்தான். அதை ஒரு மேப்புல குறிச்சு வை.

கேள்வி: கிடைச்ச பழைய பேப்பரை எல்லாம் லேமினேஷன் பண்ணிடலாமா? (வாசகி, திருநெல்வேலி)

வேண்டவே வேண்டாம்மா. சூடு பட்டா பழைய மை மங்கிடும், திரும்ப பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் ஒட்டாதீங்க, பழுப்பாகி எழுத்தை தின்னுடும். மடிப்பை மெதுவா பிரிச்சு, வெளிச்சம் நேரா விழாத இடத்துல வச்சு போட்டோ எடுத்து, குடும்பத்துல ரெண்டு மூணு பேர்கிட்ட காப்பி குடுங்க. போட்டோக்களுக்குப் பின்னாடி பென்சிலால பேர் எழுதுங்க, பேனா வேண்டாம். ஓலைச்சுவடி இருந்தா எண்ணெய் மஞ்சள்னு நீங்களா எதுவும் தடவாதீங்க, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக சுவடித் துறைக்கு ஒரு கடிதம் போட்டு எப்படி பராமரிக்கிறதுன்னு கேளுங்க.