மார்கரிட்டா இருமல் மருந்து மாதிரி வந்தால்

டெக்சாஸின் டாலஸுக்கு வந்த புதிதில் வீட்டில் மார்கரிட்டா (டெக்கீலா, ஆரஞ்சு மதுபானம், லைம் சாறு சேர்ந்த காக்டெய்ல்) கலந்து பார்த்துவிட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்கிறது, எங்கே தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்ட மூன்றுமே தப்பு: கோல்ட் டெக்கீலா, பாட்டிலில் வரும் ஸ்வீட் அண்ட் சோர் மிக்ஸ், மஞ்சள் பழம்.

முதலில் பழம். இங்கே லெமன் என்று விற்கும் பெரிய மஞ்சள் பழம் நம்மூர் எலுமிச்சை இல்லை. பச்சை லைம் வாங்குங்கள். மெக்சிகன் மளிகைக் கடையில் குட்டியாகக் கிடைக்கும் கீ லைம்தான் நம்மூர் எலுமிச்சைக்கு நெருங்கிய உறவு. மணம் தூக்கும், ஆனால் ஒரு கிளாஸுக்கு நாலைந்து பிழிய வேண்டும். வெயிலில் உட்கார்ந்து பிழியாதீர்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துவிடும்.

டெக்கீலா, அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து காய்ச்சும் மெக்சிகன் மது. லேபிளில் '100% அகாவே' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் 49 சதவீதம் வரை வேறு சர்க்கரை கலந்திருக்கலாம். கோல்ட் பெரும்பாலும் அந்த ரகம். நிறம் கேரமல் தந்தது. நிறமில்லாத பிளாங்கோ ரகம் போதும்.

அளவு: டெக்கீலா 60 மி.லி., குவான்ட்ரோ (ஆரஞ்சு மணமுள்ள மதுபானம்) 30, அப்போதே பிழிந்த லைம் சாறு 30. அதே வகையில் மலிவாக வரும் ட்ரிபிள் செக் வெறும் சர்க்கரைப் பாகு. அதற்குப் பதில் 15 மி.லி. அகாவே சிரப் ஊற்றலாம். சான் பிரான்சிஸ்கோவின் டாமிஸ் உணவகம் பெயர் வாங்கியது இந்த வழியில்தான்.

ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த ஐஸை நிறையப் போட்டு, வெளிப்புறம் பனி பூக்கும்வரை, ஒரு 15 வினாடி குலுக்குங்கள். உருக ஆரம்பித்த ஐஸ் என்றால் தண்ணியாகிவிடும். ஷேக்கர் இல்லாவிட்டால் மூடி இறுகும் கண்ணாடி ஜாடி போதும். ஊறுகாய் இருந்த ஜாடி மட்டும் வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாசம் போகாது. கிளாஸ் விளிம்பில் ஒட்டும் உப்பு கோஷர் உப்பாக (பரல் பெரிதான உப்பு) இருக்கட்டும், வெளிப்பக்கம் பாதி வட்டம் மட்டும். உள்ளே ஒட்டினால் கரைந்து கடைசி மடக்கு கரிக்கும்.

டெக்சாஸில் மதுக்கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. சூப்பர் மார்க்கெட்டில் பீரும் வைனும்தான் கிடைக்கும். சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் வாங்கிவிடுங்கள். இந்த அளவில் ஒரு கிளாஸ் என்பது அமெரிக்கக் கணக்கில் இரண்டு டிரிங்க். குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால், வழக்கு முடியும் முன்பே விசா ரத்தாகலாம். வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிட்டு ஐஸ் தட்டை எடுங்கள்.