ஃபைஃபின் வரிகள் – கடிதம்

அன்புள்ள சார்,

கோவையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஐந்து வருடமாக ராப் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரன் டிஎம்சி, பப்ளிக் எனிமி, வூ-டாங் க்ளான் என்று எங்கு பார்த்தாலும் குழுக்கள். இன்று டிரேக், கெண்ட்ரிக் லமார் என்று தனி ஆட்கள்தான். மிகோஸ் இருந்தார்கள், அவர்களும் போய்விட்டார்கள். இதற்கு ஸ்பாட்டிஃபையும் இன்ஸ்டாகிராமும்தான் காரணமா? எனக்கு இது இயல்பான வளர்ச்சி என்றே தோன்றுகிறது. எந்தக் குழுவிலும் ஒருவர் திறமைசாலி, மற்றவர்கள் சுமை. வசதி வந்ததும் அவர் சுமையை இறக்கிவைக்கிறார். நானும் இரண்டு நண்பர்களோடு ராப் செய்துகொண்டிருந்தேன், இப்போது தனியாகச் செய்கிறேன். கேட்க வேண்டிய ஐந்து குழு ஆல்பங்களைச் சொல்ல முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது ஒரு காசெட் கிடைத்தது. எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் என்ற ராப் குழுவின் ‘தி லோ எண்ட் தியரி’ ஆல்பம், 1991-இல் வந்தது. உறை இல்லை. நாடா ஓர் இடத்தில் கசங்கியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்ததைத்தான் நீங்கள் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பாட்டிஃபை, இன்ஸ்டாகிராம் பேச்சை விட்டுவிடுவோம். இந்த நோய் செல்போனுக்கு மூத்தது. 1982-இல் வந்த ‘தி மெசேஜ்’ பாட்டின் உறையில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ் என்று போட்டிருக்கும். ஐவரில் அதில் ராப் செய்தவர் மெல்லி மெல் ஒருவர்தான். அவரோடு சேர்ந்து ராப் செய்த டியூக் பூட்டி அந்த ஐவரில் ஒருவரே இல்லை. மற்றவர்கள் கடைசியில் வரும் தெருப்பேச்சோடு சரி. குழுவின் மிகப் பெரிய பாட்டிலேயே குழு இல்லை.

குழு ஏன் பிறந்தது என்பதற்கும் பெரிய தத்துவம் வேண்டாம். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் தன் தங்கைக்காக நடத்திய விருந்திலிருந்து ராப்பின் கதையைத் தொடங்குவார்கள். இசைத்தட்டைச் சுழற்றுகிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். மைக்கில் பேச இன்னொருவர் வேண்டும், ஒலிபெருக்கியைத் தூக்க நாலு பேர் வேண்டும். இன்று அத்தனையும் ஒரு லேப்டாப்பில் அடங்கிவிட்டது. சம்பளத்தைப் பங்கு போட ஏன் ஆள் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பணத் தகராறில்தான் ராப்பர் ஐஸ் க்யூப் 1989-இல் என்.டபிள்யூ.ஏ என்ற தன் குழுவை விட்டுப் போனார். வூ-டாங்கில் ஒவ்வொருவரும் வேறு வேறு கம்பெனியில் தனி ஆல்பம் போடலாம் என்று தொடக்கத்திலேயே குழுத்தலைவர் ரிஸா ஒப்பந்தம் பேசி வாங்கினார். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

மிகோஸ் “போய்விட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூவரில் ஒருவரான டேக்ஆஃப் 2022 நவம்பர் 1 அன்று ஹூஸ்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. குழு அதற்கு முன்பே பிளந்திருந்தது உண்மை. ஆனால் மூவரில் இன்னொருவரான க்வேவோ அவருக்குத் தாய்மாமன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அதை ஒரு வினைச்சொல்லில் தாண்டிப் போகக்கூடாது.

என்னைக் கோபப்படுத்தியது “சுமை” என்ற சொல். அதை எளிதில் விடமாட்டேன்.

காசெட்டில் இருக்கிற ட்ரைப் குழுவின் முதல் ஆல்பம் 1990-இல் வந்தது. அதில் எங்கும் குழுவின் ராப்பர் க்யூ-டிப்தான். நியூயார்க்கின் குயின்ஸில் அவரோடு சின்ன வயதிலிருந்து வளர்ந்த இன்னொரு ராப்பர் ஃபைஃப் டாக் சில பாட்டுகளில் தலைகாட்டுவதோடு சரி. உங்கள் கணக்குப்படி அன்றைக்கே ஃபைஃபை இறக்கிவிட்டிருக்க வேண்டும். குட்டையான ஆள், கீச்சுக் குரல், ரெக்கார்டிங்குக்கு ஒழுங்காக வருவதில்லை. அடுத்த வருடம் இந்தக் காசெட். இரண்டாவது பாட்டு ‘பகின் அவுட்’ ஃபைஃபின் குரலில் தொடங்குகிறது. முதல் நான்கு வரியிலேயே தெரிந்துவிடும், இந்த ஆள் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. திறமை என்பது தராசில் நிறுத்துப் பார்த்துக் கூட்டாளிகளுக்குப் பங்கு போடுகிற சரக்கா? ஒருவனுக்குள் இருப்பது இன்னொருவன் கூப்பிடும்போதுதான் வெளியே வருகிறது. கூப்பிட்டவர் க்யூ-டிப். அதனால் அவரும் வளர்ந்தார். டிப்பின் குரல் மூக்கில் புகைகிற மிருதுவான குரல், தனியாகக் கேட்டால் அரை மணி நேரத்தில் தூக்கம் வரும். ஃபைஃப் நடுவில் வந்து உலுக்குவதால்தான் அந்த மிருது நமக்கு இனிக்கிறது.

‘செக் தி ரைம்’ பாட்டைக் கேளுங்கள். தயாரா என்று டிப் கேட்பார், எப்போதும் தயார் என்று ஃபைஃப் சொல்வார். பிறகு ஃபைஃப் கேட்பார், டிப் சொல்வார். ஒருவர் ராப் செய்கையில் மற்றவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். இன்றைய தனி ஆட்களின் பாட்டிலும் பின்னால் “யே”, “ஆ” என்று ஒரு குரல் ஓடுகிறதே, அது யார்? பெரும்பாலும் அவரே. தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிப் பதிவு செய்து ஒட்டிக்கொள்கிறார். மேடையில் மூச்சு முட்டினால் பின்னால் ஓடுகிற தன் பழைய பதிவு மீதி வரியைப் பாடிவிடுகிறது.

1998-இல் நானும் ஒரு நண்பனும் நியூ ஜெர்சி எடிசனில் ஒரே அறையில் இருந்தோம். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் வரவிருந்த கோளாறைச் சரிசெய்யும் ஒய்டூகே வேலைக்காகப் போனவர்கள். அவன் விருதுநகர்க்காரன், பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின். ஃப்ரிட்ஜ் கதவில் தோசை மாவுக்குப் பக்கத்தில் குப்பிகள் வரிசையாக நிற்கும். ஃபைஃபுக்கும் சர்க்கரை நோய். 1993 ஆல்பத்தில் அதை ராப்பிலேயே கம்பீரமாகச் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட நாளிலிருந்து ஃபைஃபின் வரிகள் எல்லாம் அவனுக்கு, டிப்பின் வரிகள் எனக்கு. அவனுடைய பழைய கொரோலா காரில் தினமும் போக வர அந்தக் காசெட்தான்.

பிப்ரவரி மாதம், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். பாட்டில் வருவதுபோல் தயாரா என்று நான் கேட்கிறேன், பதில் வரவில்லை. விளையாடுகிறான் என்று மறுபடி கேட்டேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை, கார் கோட்டைத் தாண்டி வலது பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்து, அவனிடம் சத்தம் போட்டுப் பிரேக் போட வைத்து ஓரம் கட்டினோம். டேஷ்போர்டுக்குள் எப்போதும் ஆப்பிள் ஜூஸ் டப்பா இருக்கும். ஸ்ட்ராவை வாயில் வைத்தால் பல் அதன்மேல் தடதடவென்று அடித்துக்கொள்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முதலில் கேட்டது, “எந்த வரி விட்டுப்போச்சுடா?”

அதன்பிறகு அந்தக் கேள்வியை நான் விளையாட்டுக்குக் கேட்டதில்லை. பதில் அரை நொடி தாமதமானாலும் ஜூஸ் டப்பாவுக்குக் கை போகும்.

டிப்பும் ஃபைஃபும் 1998-இல் பிரிந்தார்கள். வருடக்கணக்கில் மனஸ்தாபம். 2015 கடைசியில் மறுபடி சேர்ந்து நியூ ஜெர்சியில் டிப்பின் வீட்டு ஸ்டுடியோவில் ரகசியமாகப் பதிவு செய்தார்கள். வரிகளை மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது, எல்லோரும் ஒரே அறைக்கு வர வேண்டும் என்பது டிப் போட்ட நிபந்தனை. ஃபைஃபுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏறி வந்து பாடிவிட்டுப் போனார். 2016 மார்ச் 22 அன்று இறந்தார். வயது 45. ஆல்பம் நவம்பரில் வந்து அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நீங்கள் தனியாகச் செய்யுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் டிரேக் பெயர் இருக்கிறது, ஸ்பாட்டிஃபை பெயர் இருக்கிறது, உங்களோடு ராப் செய்த அந்த இருவரின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. படித்தபோது எனக்கு வலித்தது. உங்கள் வயதில் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்பதால் இன்னும் வலித்தது.

ஐந்து ஆல்பம் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இந்த 1991 ஆல்பம் ஒன்று போதும். அந்த இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து கேளுங்கள். ஃபைஃபின் வரிகளை யார் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்