சுற்று நேரப் போட்டிக்கு ஸ்டீயரிங் வாங்கத்தான் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் என்று வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் நாங்கள். எல்லோர் வீட்டிலும் டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் கன்சோல் உள்ளது. வாரம் ஒரு டிராக், ஒரு கார் என்று முடிவு செய்து, ‘கிரான் டூரிஸ்மோ 7’ என்ற கார் பந்தய விளையாட்டில் அவரவர் வீட்டிலிருந்தே ஓட்டி, ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடித்தோம் என்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பரிசு எதுவும் கிடையாது. தீபாவளிக்கு ஒருவர் சக்கரமும் பெடல்களும் கொண்ட ஸ்டீயரிங் செட் வாங்கினார். அதிலிருந்து பெரும்பாலும் அவரே முதலில் வருகிறார். மற்ற நால்வரும் அதே செட்டை வாங்கலாமா என்று யோசிக்கிறோம். கடையில் 25,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். வாங்கினால்தான் போட்டி சமமாகுமா?
– வாசகர், தருமபுரி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் நண்பர் முன்னேறியதற்கு ஸ்டீயரிங் மட்டுமே காரணம் என்று நீங்கள் நால்வரும் முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் ‘ஒரே கார், ஒரே டிராக்’ என்பதைத் தவிர வேறு எதையும் நீங்கள் பேசி வைத்துக்கொண்டதாகக் கடிதத்தில் இல்லை. இந்த விளையாட்டில் ஒரே கார் என்று சொல்வது போதாது. கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேஸிங் என்று உலர்ந்த சாலைக்கான டயர்கள் மூன்று வகையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் ஹார்டு, மீடியம், சாஃப்ட் என்று பிரிவுகளும் உண்டு. ஒருவர் ஸ்போர்ட்ஸ் ஹார்டிலும் மற்றவர் ரேஸிங் சாஃப்டிலும் ஓட்டினால், சாலையில் டயர் பிடிக்கும் பிடியே வேறு. அந்த வித்தியாசத்தை எந்த ஸ்டீயரிங்காலும் ஈடு செய்ய முடியாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. ஓட்ட ஓட்ட காரின் இன்ஜின் ஆயில் பழையதாகி, இன்ஜின் சக்தி குறையும்படி இந்த விளையாட்டை வடிவமைத்திருக்கிறார்கள். ஆயில் மாற்றிய காரும் மாற்றாத காரும் பெயரளவில்தான் ஒன்று. எனவே காரின் திறனைக் குறிக்கும் பிபி எண், டயர் வகை, வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் அளவு, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் நிலை ஆகிய நான்கையும் வாரத் தொடக்கத்திலேயே குழுவில் எழுதிவிடுங்கள். நேரத்தைப் படம் எடுக்கும்போது காரின் செட்டிங் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சாலைக் கோட்டைத் தாண்டி நான்கு சக்கரமும் வெளியே போன சுற்று செல்லாது என்பதையும் எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது; நண்பர்களுக்குள் வரும் மனத்தாங்கலில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இவ்வளவையும் சரிபார்க்க நேரமில்லை என்றால், விளையாட்டிலேயே எளிய வழி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் தேர்வுகளிலும் ஒரு டிராக்கைப் பகுதி பகுதியாகப் பழக்கும் ‘சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ்’ பகுதியிலும் காரையும் டயரையும் விளையாட்டே கொடுத்துவிடுகிறது; ஒருவர் தன் காரை மெருகேற்றிக்கொண்டு வந்து ஓட்ட இடமில்லை. சூப்பர் லைசென்ஸ் தேர்வுகள் முழுச் சுற்றாகவே அமைந்திருப்பதால், உங்களைப் போன்ற குழுவுக்கு அவை மிகவும் பொருந்தும். டிராக்கை நீங்களே தேர்ந்தெடுப்பதானால் சிறியதில் தொடங்குங்கள். ஜப்பானின் சுகுபா டிராக் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். ஒரு தவறு செய்தால் ஒரு நிமிடத்தில் மறுபடியும் முயலலாம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று 20 கிலோமீட்டருக்கும் மேல். கடைசித் திருப்பத்தில் தவறினால் அத்தனை நிமிட உழைப்பும் வீண். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு உட்காருபவர்களுக்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து.

செலவில்லாத இன்னொரு வேலையும் உண்டு. டிவியின் செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். படத்தை அழகுபடுத்த டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் குறைந்து, நீங்கள் பிரேக் அழுத்துவதற்கும் திரையில் கார் வேகம் குறைவதற்கும் இடையிலான தாமதம் குறையும். இதுவரை அதைப் போடாமல் ஓட்டியவருக்கு, புதுப் பொருள் எதுவும் வாங்காமலே கார் கைக்கு அடங்கியதுபோல் இருக்கும்.

இவையெல்லாம் சமமான பிறகும் ஸ்டீயரிங் ஆசை விடவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். அது உண்மையிலேயே நல்ல அனுபவம். திருப்பத்தில் டயர் பிடி விடுவதைக் கையிலேயே உணரலாம். ஆனால் வாங்கிய மறுநாளே நேரம் குறையும் என்று நம்பி வாங்காதீர்கள். பொத்தான்கள் உள்ள கன்ட்ரோலரில் பழகிய கை ஸ்டீயரிங்குக்கு மாறும்போது, முதல் சில வாரங்கள் நேரம் கூடத்தான் செய்யும். உண்மையான லாபம் சக்கரத்தைவிடப் பெடலில்தான் இருக்கிறது. தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றி இறங்கும் லாரி ஓட்டுநர், வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தேடுவதில்லை. முன்கூட்டியே வேகத்தை அடக்கிவிடுகிறார். பந்தயச் சுற்றிலும் நேரத்தைத் தீர்மானிப்பது, நேர்க்கோட்டில் பலமாக அழுத்திய பிரேக்கை வளைவுக்குள் எவ்வளவு நிதானமாக விடுவிக்கிறீர்கள் என்பதுதான். விரலால் அழுத்தும் சிறிய பொத்தானைவிடக் காலால் மிதிக்கும் பெடலில் அந்த நிதானம் எளிதில் கைகூடும். எனவே கடையில் பார்க்கும்போது சக்கரத்தின் தோல் உறையையும் விளக்குகளையும் பார்ப்பதற்கு முன், பிரேக் பெடலைக் காலால் மிதித்துப் பாருங்கள்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் நிதானமாகப் படியுங்கள். லாஜிடெக் ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது. ஏறத்தாழ அதே தோற்றத்தில் இருக்கும் ஜி920 எக்ஸ்பாக்ஸ் என்ற வேறு கன்சோலுக்கும் கணினிக்கும் உரியது, பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. ஜி923 என்ற ஒரே பெயரிலேயே இரண்டு வகைகள் விற்கப்படுகின்றன. கியர் மாற்றும் தடி இவற்றுடன் வராது. தனியாக வாங்க வேண்டும், போட்டிக்கு அது தேவையும் இல்லை. ஆனால் உட்காரும் இடத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் கார் நிற்பதற்கு முன் நாற்காலி பின்னால் ஓடும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் பழைய எலக்ட்ரானிக் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில், ஒருமுறை பயன்படுத்திய ஸ்டீயரிங் செட் வாங்கினேன். கடையில் சக்கரம் நன்றாகத் திரும்பியது. வீட்டில் ஓட்டும்போது பிரேக்கை மெதுவாக மிதித்தாலும் திடீரென்று முழு பிரேக் விழுந்து கார் சுழன்றுவிடுகிறது. இரண்டாவது வாரத்தில் கடைக்குக் கொண்டுபோனபோது, “பில்லிலேயே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போட்டிருக்கிறோமே” என்றார்கள். நான் என்ன செய்வது?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: முதலில் கோளாறு எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், அப்போதுதான் பேச்சில் உறுதி இருக்கும். விளையாட்டின் செட்டிங்கிலோ கணினியில் இணைத்தோ பார்த்தால், பெடலின் அழுத்தம் ஒரு பட்டையாகத் திரையில் தெரியும். பிரேக்கை மிக மெதுவாக, பத்து நொடி எடுத்துக்கொண்டு அழுத்துங்கள். பட்டை சீராக ஏற வேண்டும். காலை எடுத்ததும் முழுமையாகக் கீழே இறங்க வேண்டும். நடுவில் துள்ளிக் குதித்தால், பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற சிறிய பாகத்தில் தூசி சேர்ந்திருக்கிறது, அல்லது அது தேய்ந்துவிட்டது என்று பொருள். பல மாடல்களில் வழக்கமாக வரும் கோளாறு இது. அந்தத் துள்ளலைக் கைப்பேசியில் வீடியோவாக எடுத்து வையுங்கள்.

பில்லில் அச்சடித்த அந்த வரியைக் கண்டு நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற வேண்டும். நீங்கள் இரண்டாவது வாரத்திலேயே போயிருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்கும், குறை இருக்கிறது என்று திருப்பித் தருவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. உங்களுடையது இரண்டாவது வகை. பழைய பொருள் என்பதால் கீறலையும் தேய்ந்த உறையையும் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் பிரேக் பிரேக்காக வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். இந்தப் பழுது இருப்பதை விற்கும்போதே கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருந்தால் மட்டும் உங்கள் வாதம் வலுவிழக்கும்.

கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பழுது நீக்கித் தரவோ பணத்தைத் திருப்பவோ ஒரு தேதி குறிப்பிடுங்கள். பெடலின் பாகம் விலை அதிகமானதல்ல. பழுது பார்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதே உங்களுக்கும் லாபம். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கடை பெங்களூருவில் இருந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கிருஷ்ணகிரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பெங்களூருவின் எலக்ட்ரானிக் சந்தையான எஸ்.பி. சாலைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பில் தர மறுப்பதும் அதே சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். வியாபாரி அல்லாத தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. அங்கே பணம் கொடுப்பதற்கு முன் பத்து நொடி பெடல் சோதனையைச் செய்து பார்ப்பதுதான் ஒரே காப்பு.

கேள்வி: ஓசூரில் சிறிய கேம் சென்டர் நடத்துகிறேன். மூன்று ஸ்டீயரிங் செட்கள் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை சுற்று நேரப் போட்டி வைத்து, ஒருவருக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, சேரும் தொகையில் பாதியை முதலில் வருபவருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வெளியூர் ஆட்களும் வீட்டிலிருந்து இணையம் வழியாகக் கலந்துகொள்ளக் கேட்கிறார்கள். இதில் சிக்கல் வருமா? கடைக்காக வாங்கிய செட் பழுதானால் எனக்கும் நுகர்வோர் உரிமை உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: பணத்தைச் சேர்த்து வென்றவருக்குப் பகிர்ந்து கொடுக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி அதற்குப் பதிலாகப் பணமோ வேறு ஆதாயமோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடும் இணைய விளையாட்டைத் தடை செய்கிறது. அது திறமையால் வெல்லும் விளையாட்டா, அதிர்ஷ்டத்தால் வெல்லும் விளையாட்டா என்ற வேறுபாட்டை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி உண்டு. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், அது அங்கீகாரமும் பதிவும் பெற்றவற்றுக்குத்தான். மாதாந்திர நட்புப் போட்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. வெளியூர் ஆட்களை இணையம் வழியாகச் சேர்க்கும்போது சிக்கல் கூடுகிறது.

உங்களிடம் வரும் பையன்களுக்கு வேண்டியது ஐந்நூறு ரூபாய் அல்ல. சுவரில் ஒட்டிய பட்டியலில் தங்கள் நேரம் மேலே ஏறுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வழக்கமான மணிக்கணக்கு வாடகையை மட்டும் எல்லா நாளும் போலவே வாங்குங்கள். போட்டிக்கென்று தனிக் கட்டணம் வேண்டாம். மூன்று செட்டும் ஒரே மாதிரி இல்லை என்றால், எல்லோரையும் ஒரே செட்டில் ஓட்ட வையுங்கள். கையால் எழுதிய பட்டியலை வாராவாரம் புதுப்பித்து ஒட்டினால் கூட்டம் தானாகச் சேரும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவருக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. நீங்களே கடையில் உட்கார்ந்து நடத்துவதானால் அந்த விலக்கைக் கோரலாம். ஆள் வைத்து இரண்டு மூன்று கிளைகள் நடத்துவதானால் அது கடினம். எப்படியிருந்தாலும் வாரண்டி அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி செல்லாது என்று அதில் இருக்கலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் கார் பந்தய விளையாட்டு ஒன்று வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருக்கிறேன். டிஸ்க் வாங்குவதா, இணையத்தில் பதிவிறக்குவதா? பிற்காலத்தில் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: உண்மைதான் அம்மா. 2014இல் வெளிவந்த ‘தி குரூ’ என்ற கார் விளையாட்டை இணையம் வழியாக இயக்கிய சர்வரை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. இணையம் இல்லாமல் ஓடாத விளையாட்டு அது. ஆகையால் டிஸ்க் வைத்திருந்தவர்களும் அதன்பின் ஆட முடியவில்லை. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ விளையாட்டின் இணையச் சேவையும் நின்றது. ஆனால் தனியாக ஆடும் பகுதிகள் பெரும்பாலும் இணையம் இன்றி ஓடும்படி செய்துவிட்டார்கள். டிஸ்க்கா பதிவிறக்கமா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இணையம் இல்லாமல் ஓடுமா என்பதே. பெட்டியின் பின்புறத்திலும் விற்பனைப் பக்கத்திலும் அது எழுதியிருக்கும். ‘கிரான் டூரிஸ்மோ 7’ விளையாட்டின் பெரும்பகுதி இணைய இணைப்பைக் கேட்கும். உங்கள் பகுதியில் இணைப்பு அடிக்கடி விட்டுப்போகுமானால் இதை யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கன்சோலில் டிஸ்க் போடும் வசதி இருந்தால் டிஸ்க்கே என் தேர்வு. ஆடி முடித்த பின் விற்கலாம், நண்பனின் டிஸ்க்கோடு மாற்றிக்கொள்ளலாம். பதிவிறக்கத்தில் அதற்கு வழியில்லை. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கினால், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆடியிருந்தால் வாங்கிய 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலும் 14 நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆகவே மகன் கேட்ட விளையாட்டு இதுதானா என்று அவனிடமே காட்டி உறுதி செய்துகொள்ளும் வரை பதிவிறக்கப் பொத்தானைத் தொட வேண்டாம்.