ஒட்டுண்ணிச் செடி என்றாலே அழிக்கத்தானே வேண்டும்? அதைப் பாதுகாக்கும் இடமும் உண்டா?

உண்டு. சோளக் கொல்லையில் சுடுமல்லி என்னும் வேர் ஒட்டுண்ணி செய்யும் சேதத்தைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. அதே குடும்பத்துச் செடி ஒன்றைக் கலிபோர்னியாவின் தென்கோடியில், டிஹுவானா கழிமுகத்து உப்புச் சதுப்பில் கண்ட பிறகுதான் என் எண்ணம் மாறியது.

அதன் அறிவியல் பெயர் குளோரோபைரான் மாரிடிமம்; பூ மூடிய அலகைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் அதைப் 'பறவை அலகு' என்னும் பொருளில் அழைக்கிறார்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம், சாம்பல் பூத்த இலை, வெளிர்நிறப் பூவின் நுனியில் லேசான ஊதா. நடைபாதை ஓரத்தில் குனிந்து பார்த்தபோது இலைகளின் மேல் மணல் ஒட்டியிருப்பதாகவே நினைத்தேன். அது மணலன்று, செடி தன் சுரப்பிகள் வழியே வெளியேற்றிய உப்பு.

பச்சையம் இருப்பதால் அது தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் மண்ணுக்கடியில் அதன் வேர்கள், பக்கத்திலுள்ள உப்புப்புல்லின் வேரையோ நம் உமரிக்கு உறவான செடியின் வேரையோ உறிஞ்சு உறுப்புகளால் துளைத்து, நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக்கொள்கின்றன. குளிர்கால மழையில் சதுப்பின் உப்பு தணியும்போது முளைத்து, அதன் பிறகு மழையே இல்லாத கோடை முழுவதும் ஓராண்டுச் செடி ஒன்று பூத்துக் காய்ப்பதற்கு, பல்லாண்டு வாழும் புல்லின் வேர் எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்லத் தேவையில்லை. புல்லும் இதனால் மடிவதில்லை, சற்று மெலிகிறது. அந்த இடைவெளியில் பிற சிறு செடிகள் தலைகாட்டுகின்றன. வடக்கேயுள்ள இதன் கிளையினத்தைச் சதுப்பிலிருந்து அகற்றிப் பார்த்த ஆய்வில், அகற்றிய இடங்களில் தாவர வகைகள் குறைந்தன.

பெரிய ஓதம், அதாவது உயர்ந்த கடலேற்றம், மட்டுமே தொடும் சதுப்பின் மேல் விளிம்புதான் இதன் இடம். துறைமுகத்துக்கும் சாலைக்கும் முதலில் பலியாவதும் அந்த விளிம்புதான். ஆகவே தெற்குக் கிளையினத்தை 1978-இல் அமெரிக்க அரசு அழிவுநிலை இனமாக அறிவித்தது. சான் டியேகோ விரிகுடாவின் ஸ்வீட்வாட்டர் சதுப்பில் 1990-களில் மீண்டும் விதைத்தபோது, செடி முளைத்தால் மட்டும் போதாது, விதையும் பிடிக்க வேண்டும் என்பதால், தேனீக்களின் வரத்தையும் மண்ணின் நைட்ரஜனையும் சோதிக்க வேண்டியிருந்தது. மகரந்தம் சேர்க்கும் காட்டுத் தேனீக்கள் பலவும் கூடு கட்டுவது ஓதம் எட்டாத காய்ந்த மேட்டுநிலத்தில். சதுப்புக்கு மட்டும் வேலி போட்டுவிட்டு மேட்டை விற்றுவிடுவது, என் பார்வையில், அரைகுறைப் பாதுகாப்பு.

உங்கள் கொல்லையில் சுடுமல்லி இருந்தால் மட்டும், பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும்.