தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்

தம்பி, லண்டனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, மகள் ராக்டால் இனப் பூனைக்குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், எட்டு வாரக் குட்டியைப் பாதி விலைக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், 200 பவுண்டு முன்பணம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள்.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2012இல் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் நாங்களும் இப்படித்தான் ஒரு குட்டியை வாங்கினோம். தாயைப் பார்க்கலாமா என்றதற்கு, வீட்டில் ஆள் இல்லை என்றார் விற்றவர். நான்காம் நாள் காலை, குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. பான்லுகோபீனியா என்ற கொடிய தொற்றுநோய் என்றார் மருத்துவர். உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது.

நம் ஊரில் பூனை மதிலேறித் தானாக வரும். இரண்டு நாள் மீன்தலை போட்டால் தங்கிவிடும். அந்த நினைப்பில் இங்கே குட்டி தேடினால் ஏமாறத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்பதை 2020 ஏப்ரலிலிருந்து சட்டமே தடுத்திருக்கிறது. வளர்த்தவரிடம் நேரில் வாங்க வேண்டும், இல்லையென்றால் காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது முறை, லண்டனை அடுத்த கென்ட்டில் பூனை வளர்த்துக் குட்டி கொடுக்கும் ஓர் அம்மையாரின் வீட்டுக்குப் போனோம். பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடி ஜன்னலுக்கு வலை உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு மணி நேரம் எங்களைத்தான் கேள்வி கேட்டார். பெண் கொடுக்கும் வீட்டார்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். சமையலறை மேசையில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பத்தி. பிறந்த அன்று 94 கிராம் என்று தொடங்கி, நாள்தோறும் தராசில் நிறுத்து எழுதியிருந்தார். தாய்ப்பூனை எங்கள் காலடியில் வந்து படுத்தது, குட்டிகள் அதன் மேலேயே ஏறி விளையாடின. வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்டவரைத் தேடுங்கள். எங்களுக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ராக்டாலுக்கு இதயத் தசை தடித்துப்போகும் எச்.சி.எம். என்ற பரம்பரை நோய் உண்டு. தாய், தந்தை இரண்டுக்கும் மரபணுச் சோதனை செய்த தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தச் சோதனை ஒரு குறிப்பிட்ட பிறழ்வை மட்டுமே காட்டும் என்பதால், இதய ஸ்கேனும் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. கேட்டதற்காகக் கோபித்துக்கொள்பவரிடம் வாங்க வேண்டாம். மகள் மனம் மாறி, காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டைக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். காதை மடக்கும் அதே மரபணு மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுத்து, ஆயுள் முழுக்க வலி தரக்கூடியது. ஜி.சி.சி.எஃப். என்ற பிரிட்டிஷ் பூனைச் சங்கம் அந்த இனத்தைப் பதிவு செய்வதில்லை.

அதே சங்கத்தின் வழக்கப்படி, 13 வாரம் ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார்கள். அதற்குள் இரண்டு தவணைத் தடுப்பூசியும் முடிந்திருக்கும். பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற மறக்காதீர்கள். 20 வாரத்துக்குள் சிப் வைப்பது 2024 ஜூன் முதல் இங்கிலாந்தில் கட்டாயம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் சாமி படத்துக்கு லில்லிப் பூ வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால், குட்டி வருவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். நாங்கள் இப்போது ரோஜாதான் வைக்கிறோம்.