என் தம்பி பேசமாட்டான், அப்போ அவன்?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். ராணிப்பேட்டை பக்கத்தில் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். எட்டிலிருந்து பதினோரு வயதுவரை உள்ள பிள்ளைகள். போன மாதம் 'மனிதன் தேவனுடைய சாயல்' என்று ஒரு பாடம். மனிதனால் மட்டும் முடிந்தவை என்று ஒரு சார்ட் எழுதி மாட்டினேன்: பேசுவான், சிந்திப்பான், கருவி செய்வான், அன்பு காட்டுவான், ஜெபிப்பான்.

பிள்ளைகள் விடவில்லை. சோளிங்கர் மலைக்குப் போய்வந்த ஒரு பையன், குரங்கு தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து குடித்ததைச் சொன்னான். ஒரு பெண் தன் வீட்டு நாயின் அன்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதற்கு ஆத்துமா உண்டா, செத்தால் பரலோகம் போகுமா என்று கேட்டாள். இதையெல்லாம் எப்படியோ சமாளித்தேன். கடைசியில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, "மிஸ், என் தம்பிக்கு ஆறு வயசு. பேசமாட்டான். நாம சொல்றதும் அவனுக்குப் புரியாது. அப்போ அவன்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பாட்டுப் பாடலாம் என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டேன்.

மே மாத வி.பி.எஸ்.ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) இதே பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் பரிணாமம் பற்றியும் கேட்பார்கள். எப்படி எடுப்பது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் சார்ட்டை முதலில் கழற்றிவிடுங்கள். மனிதனால் என்னென்ன முடியும் என்று பட்டியல் போட்டு அவன் மேன்மையை நிறுவப் போனால், அது இரண்டு பக்கமும் ஒழுகும். மனிதனுக்கு மட்டும் என்று நாம் எழுதியதை ஏதாவது ஒரு பிராணி செய்துகாட்டிவிடும். அதே பட்டியலில் உள்ளதைச் செய்ய முடியாத மனிதர் நம் வீட்டிலேயே இருப்பார். உங்கள் பிள்ளைகள் ஒரே காலையில் இரண்டு ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

பட்டியல் போடுவது நமக்குப் பழக்கம்தான். தொல்காப்பிய மரபியலில் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு என்று ஏறிக்கொண்டே போய் மனிதனுக்கு ஆறாவதாக மனம் வருகிறது. 'ஆறறிவு படைத்தவன்' என்று சர்ச்சுக்கு வெளியே உள்ள பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இதில் முதல் அறிவு தொடு உணர்ச்சி. அதை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

கருவி செய்வதை எடுத்துக்கொள்வோம். 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் என்ற ஆராய்ச்சியாளர், ஒரு சிம்பன்சி குச்சியிலிருந்து இலைகளை உருவிப் போட்டுவிட்டு, அதைக் கரையான் புற்றுக்குள் விட்டு, ஏறிவந்த கரையான்களை நக்கித் தின்பதைப் பார்த்தார். கருவி செய்யும் ஒரே பிராணி மனிதன் என்ற பேச்சு அதோடு போயிற்று. ஆனால் பிள்ளைகளிடம் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொல்வதைவிட, மாமரம் உள்ள தோப்பு ஏதாவது பக்கத்தில் இருந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும். இலைகளைச் சேர்த்துத் தைத்து உருண்டையாகத் தொங்கும் கூடு. கட்டுகிற நேரத்தில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். எறும்புகள் ஒரு இலை விளிம்பில் வரிசையாக நின்றுகொண்டு அடுத்த இலையைக் கடித்து இழுக்கும். எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலி போடும். இரண்டு விளிம்பும் சேர்ந்ததும் வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வரும். அந்த எறும்பினத்தின் குஞ்சுகள்தான் அவை. புழுவின் வாயிலிருந்து பட்டுபோல நூல் வரும். புழுவை இந்த விளிம்பில் தொட்டு, அந்த விளிம்பில் தொட்டு, ஆரணித் தறியில் நாடா ஓடுகிற மாதிரி ஓட்டி ஓட்டி இலைகளை ஒட்டிவிடும். குஞ்சையே கருவியாக்கிக்கொள்கிற பிராணி! இதைப் பார்த்த பிள்ளை 'மனிதன் மட்டும்' என்ற சார்ட்டை மறுபடி நம்பாது. நம்பவும் வேண்டாம்.

பேச்சும் அப்படித்தான். தேனீ எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் பூ இருக்கிறது என்பதைக் கூட்டுக்குள் ஆடிக் காட்டும். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மொழி இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது, சந்தேகமே இல்லை. நேற்றைப் பற்றியும் இல்லாததைப் பற்றியும் கதை கட்டுவது நாம்தான். ஆனால் அதில் நம் மேன்மையைக் கொண்டுபோய் வைத்தால் அந்தச் சிறுமியின் தம்பி எங்கே நிற்பான்?

இப்போது அந்த முதல் அறிவுக்கு வருகிறேன். நம் ஊர்க் கதை இது. காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆராய்ச்சி மையம் 1955-இல் வந்தது. அதற்கு முன்பே, 1946-இல், கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். விரல் போவதற்குக் காரணம் உணர்ச்சி போவது என்று காட்டியவர் அவர். நோய் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, கண்ணாடி குத்தினாலும் தெரியாது. புண் ஆறுவதற்குள் மேலே இன்னொரு புண். இரவில் இருந்த விரல் சிலருக்குக் காலையில் குறைந்திருந்தது. என்னவென்று பார்த்தால், தூங்கும்போது எலி வந்து கடித்திருக்கிறது. வலி தெரியாததால் ஆள் விழிக்கவில்லை. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம், நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தது. மிருகங்களை ஆளச் சொல்லிப் படைக்கப்பட்ட மனிதனை ராத்திரியில் ஒரு பூனை காவல் காத்த ஊர் நம்முடையது.

புல்லுக்கும் உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிற அந்த ஓர் அறிவே அந்தக் கைகளில் இல்லை. திறமையையும் அறிவையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அவர்களை எந்தப் படியில் நிறுத்துவது? ஊர் ஒரு படியில் நிறுத்தித்தான் வைத்திருந்தது. பிச்சையெடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க 1898-இல் ஒரு சட்டமே வந்தது. அதை ரத்து செய்தது 2016-இல்தான். ஆனால் வேலூரில் அந்தக் கைகளை ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். முன்கையில் நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் மாற்றிக் கட்டினார். மடங்கிப்போன கை நிமிர்ந்து பொருளைப் பிடித்தது. வகுப்பில் இதைச் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகளின் கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி டேப் ஒட்டிவிட்டு, சட்டைப் பித்தானைப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் தவிக்கட்டும். அதற்கப்புறம் கதை சொன்னால் தனியாக விளக்கமே வேண்டாம்.

சரி, சாயல் என்றால் என்னதான்? பழைய எகிப்தில் கடவுளின் சாயல் என்று பெரும்பாலும் அரசனைத்தான் சொன்னார்கள். துட்டன்காமன் என்ற பேருக்கே அமுன் தெய்வத்தின் உயிருள்ள சாயல் என்றுதான் பொருள். குடியானவனையோ அடிமையையோ அப்படிச் சொல்வது அபூர்வம். பைபிளின் முதல் புஸ்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அதை எடுத்து, ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறது. அறிவுள்ளவனுக்கு என்றோ பேசத் தெரிந்தவனுக்கு என்றோ அந்த வசனத்தில் நிபந்தனை இல்லை. அது சம்பாதித்த பட்டம் இல்லை, கொடுக்கப்பட்டது. அதனால் பறிக்கவும் முடியாது.

இன்னொன்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் பழம் தின்ற பிறகு கர்த்தர் ஆதாமிடம் "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிறார். ஏவாளிடம் "நீ இப்படிச் செய்தது என்ன" என்று கேட்கிறார். சர்ப்பத்திடம் கேள்வியே கிடையாது, நேரே தீர்ப்புதான். அந்தத் தோட்டத்தில் கேள்வி கேட்கப்படுகிறவன் மனிதன் மட்டும். எனக்குப் படுகிற வித்தியாசம் இதுதான். மனிதனிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

இங்கேயும் உங்கள் மாணவி கையைத் தூக்குவாள். பதில் சொல்லத் தெரியாத தம்பி? நான்காம் அதிகாரத்துக்குப் போங்கள். ஆபேல் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவனைக் கொன்ற அண்ணன் காயீன் பேசுகிறான், வாதாடுகிறான், பொய் சொல்கிறான். ஆபேல் ஆடு மேய்க்கிறான், காணிக்கை கொண்டுவருகிறான், சாகிறான். ஆனால் கர்த்தர் வந்து கேட்பது அவனைப் பற்றித்தான். "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?" பேசத் தெரிந்தவனிடம், பேசாதவனைப் பற்றிக் கேள்வி. அந்தச் சிறுமியிடம் இதையே சொல்லுங்கள். உன் தம்பியும் தேவனுடைய சாயல்தான், உன்னைவிட ஒரு மயிரளவும் குறைவில்லை. அவன் பேசாவிட்டாலும் அவனைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும். இதை மற்ற பிள்ளைகள் முன்னால் வைத்து அவளிடம் சொல்ல வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். அப்புறம் அவள் அம்மாவிடம், பையனை வி.பி.எஸ்.ஸுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். சத்தம் போடுவான் என்று தயங்குவார். போட்டால் என்ன, ஆக்ஷன் சாங் நேரத்தில் எந்தப் பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறது?

இந்தப் பாடத்தை ஒழுங்காக எடுத்தால் பெரியவர்களுக்குத்தான் சங்கடம். தேவனைத் துதிக்கிற அதே நாவினால் தேவசாயலான மனுஷரைச் சபிக்கிறோம் என்று யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். சாதி பார்த்துப் பெஞ்சு பிரித்த சபைகளும், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பிய சபைகளும் தமிழ்நாட்டில் உண்டு. ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் "நம்ம தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களும் சாயல்தானே?" என்று கேட்டால் உங்களுக்கு போன் வரலாம். வந்தால் வரட்டும்.

நாய்க்கு ஆத்துமா உண்டா என்ற கேள்விக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. மனுஷனுடைய ஆவி மேலே போகிறது, மிருகத்தின் ஆவி கீழே போகிறது என்பதை அறிகிறவன் யார் என்று பிரசங்கி புஸ்தகமே மூன்றாம் அதிகாரத்தில் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஜலப்பிரளயத்துக்குப் பிறகு கர்த்தர் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் இல்லை, பேழையிலிருந்து இறங்கிய எல்லா ஜீவன்களோடும்தான். யோனா புஸ்தகத்தின் கடைசி வரியில் நினிவேயின் மிருகங்களுக்காகவும் கர்த்தர் பரிதபிக்கிறார். நாயை நன்றாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மே மாத வெயிலில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.

பரிணாமத்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அது வருகிறது. அன்றைக்கு சர்ச்சா ஸ்கூலா என்று எந்தப் பிள்ளையும் திண்டாடக் கூடாது. சிம்பன்சிக்கும் நமக்கும் மரபணுவில் ஏறக்குறைய 98 சதவீதம் ஒற்றுமை. திறமையில் மேன்மையைத் தேடுகிறவனுக்குத்தான் இந்த எண்ணைப் பார்த்துப் பயம். ஆதியாகமத்தில் மனிதனுக்கென்று தனி நாள்கூடக் கிடையாது, நாட்டு மிருகம் காட்டு மிருகத்தோடு ஆறாம் நாளில்தான் அவனும் வருகிறான். இரண்டாம் அதிகாரத்திலும் அவனும் மண், மிருகமும் மண்.

மாமரத்தடிக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். கிளையை ஆட்ட விடாதீர்கள், முசுறு சட்டைக்குள் விழுந்தால் அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. பூனைக் கதையைத் தனியாக ஒரு நாளில் சொல்லுங்கள். எலி வருகிற இடத்தில் சின்னப் பிள்ளைகள் மிரளும், பூனையைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுங்கள்.

அன்புடன்