பேரன் மூளையில் 9 மில்லிமீட்டர் வளையம்: ஆபரேஷன் வேண்டுமா, டிபி மாத்திரை வேண்டுமா?

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மகள் வயிற்றுப் பேரன், வயது 19, காரைக்குடியில் கல்லூரியில் படிப்பதால் இந்த ஆச்சி வீட்டிலேயே தங்கியிருக்கிறான். போன மாதம் ஒருநாள் காலையில் வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்து, அப்புறம் உடம்பு முழுக்க வலிப்பு வந்து வீட்டு முற்றத்திலேயே விழுந்துவிட்டான். மதுரையில் எம்ஆர்ஐ எடுத்ததில், ‘இடது பெரைட்டல் பகுதியில் 9 மி.மீ. ரிங் என்ஹான்சிங் லீஷன், சுற்றிலும் லேசான நீர் வீக்கம், நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் அல்லது டியூபர்குலோமா’ என்று ரிப்போர்ட். ஒரு டாக்டர் ஒரு வருடத்துக்கு டிபி மாத்திரை என்கிறார், சொந்தக்காரர் ஒருவர் மண்டையைத் திறந்து எடுத்துவிடச் சொல்கிறார். “இது புற்றுநோயா? பன்றிக்கறியால் வரும் புழு என்றும் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் கோழி, ஆடு உண்டு, பன்றியைத் தொட்டதே இல்லையே?” என்று கேட்கிறார்.

ஆச்சி, முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அதுவரை நன்றாக இருந்த இளவயதுப் பையனுக்குத் திடீரென்று வலிப்பு வந்து, ஸ்கேனில் ஒரே ஒரு சின்ன வளையம் தெரிந்தால், நம் நாட்டில் நாங்கள் முதலில் நினைப்பது புற்றுநோயை அல்ல, நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வந்த சின்னக் கட்டியைத்தான். ரிப்போர்ட்டில் முதலில் எழுதியிருக்கும் அந்த நீளமான பெயர் அதுதான், அடுத்த பெயர் டிபி கட்டி. வலது கையில் இழுப்பு ஆரம்பித்ததும் இடது பக்கத்தில் கட்டி இருப்பதும் பொருந்தி வருகின்றன, ஏனென்றால் மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பக்கத்தை நடத்துகிறது.

வளையம் என்பது நோயின் பெயர் இல்லை, படத்தில் தெரியும் ஒரு தோற்றம், அவ்வளவுதான். கையில் ஊசி வழியாக கடோலினியம் என்ற மருந்தை ஏற்றி எம்ஆர்ஐ எடுக்கும்போது, எங்கே அழற்சியால் ரத்தக் குழாய்களின் காப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே அந்த மருந்து கசிந்து வெள்ளையாகத் தெரியும். நடுவில் திரவமோ செத்த திசுவோ இருந்தால் அது வெள்ளையாகாமல் நிற்கும். புழுக்கட்டி, டிபி கட்டி, சீழ்க்கட்டி, புற்று எல்லாமே இப்படித் தெரியலாம். அதனால் ‘ரிங்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து யாராவது சிகிச்சையை முடிவுசெய்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வித்தியாசம் தெரிவது விவரங்களில். புழுக்கட்டி பொதுவாகச் சின்னதாக, விளிம்பு மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும், பல நேரம் வளையத்துக்குள் ஓர் ஓரமாகக் கடுகளவு புள்ளி ஒன்று தெரியும், அது புழுவின் தலை. அந்தப் புள்ளி தெளிவாகத் தெரிந்துவிட்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. டிபி கட்டி பெரும்பாலும் 20 மில்லிமீட்டரைத் தாண்டி, விளிம்பு கரடுமுரடாக, இரண்டு மூன்று ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று எம்ஆர்ஐயிலேயே ஒரு வேதியியல் சோதனை உண்டு, அதில் கொழுப்பின் உச்சி உயர்ந்து நின்றால் டிபி பக்கம் சாயலாம். சீழ்க்கட்டி என்றால் எம்ஆர்ஐயிலேயே டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளையாக எரியும். புற்று என்றால் விளிம்பு தடித்துத் தாறுமாறாக இருப்பதும், சுற்றி இருக்கும் வீக்கத்தில் மூளையின் நடுக்கோடே ஒரு பக்கம் தள்ளப்படுவதும் வழக்கம். உங்கள் பேரனுக்கு 9 மி.மீ., வீக்கமும் லேசானது, நடுக்கோடு தள்ளியதாக ரிப்போர்ட்டில் இல்லை. நல்ல அறிகுறிகள்.

இந்த 20 மில்லிமீட்டர் கணக்கு நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. 1980களில் சிடி ஸ்கேன் பரவியபோது இப்படிப்பட்ட வளையங்களைப் பெரும்பாலும் டிபி என்றே எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள், கட்டி மறைந்ததும் மாத்திரையால்தான் மறைந்தது என்று நினைத்தார்கள். வேலூர் சிஎம்சியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இருந்தது புழுவின் மிச்சம், டிபி இல்லை. அதன் பிறகு அவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம்: வலிப்போடு வந்திருக்க வேண்டும், மூளை அழுத்தம் கூடியதற்கான அறிகுறி தொடரக்கூடாது, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக்கூடாது, உடம்பில் வேறு இடத்தில் டிபி, புற்று மாதிரி நோய் இருக்கக்கூடாது, கட்டி ஒன்றே ஒன்றாக 20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், நடுக்கோடு தள்ளக்கூடாது. இத்தனையும் பொருந்தினால் மண்டையைத் திறக்கவும் வேண்டாம், சந்தேகத்துக்காக டிபி மாத்திரையும் வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரே, எச்ஐவி சோதனை இரண்டையும் மட்டும் பார்த்துவிடுங்கள். ரத்தத்தில் புழுவுக்கான ஆன்டிபாடி சோதனை செய்து நெகட்டிவ் வந்தால் குழம்ப வேண்டாம், ஒற்றைக் கட்டியாக இருக்கும்போது பலருக்கு அப்படித்தான் வரும்.

சரி, பன்றி. இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வேகாத பன்றிக்கறியில் இருக்கும் புழுவைத் தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழு இடும் முட்டை, அது வெளியே வருவது மனிதர்களின் மலத்தில். குடலில் புழு இருக்கும் ஒருவர் கழிப்பறை போய்விட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் தயிர்ப்பச்சடி கலந்தாலோ, அசுத்தத் தண்ணீர் பாய்ந்த கொத்தமல்லியைக் கழுவாமல் தூவினாலோ போதும், சுத்த சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், பன்றியை மதப்படி விலக்கிய யூதக் குடும்பங்களிலேயே இந்த நோய் வந்தது, வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாக முட்டை பரவியிருந்தது என்று கண்டறிந்தார்கள். இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுச் சமையல்காரரை உடனே நிறுத்திவிடாதீர்கள், ஆச்சி. முட்டை உள்ளே போய் வலிப்பு வருவதற்கு மாதங்களோ வருடங்களோ ஆகலாம், அது கல்யாணப் பந்தியா, ஹாஸ்டலா, ரோட்டுக்கடையா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் எல்லாரும், சமைக்கிறவரும் சேர்த்து, மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புழு இருந்தால் அதற்கு எளிய மாத்திரை இருக்கிறது.

சிகிச்சையில் முதலிடம் வலிப்பு மாத்திரைக்கு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. அல்பென்டசோல் கொடுத்தால் கட்டி சீக்கிரம் கரைகிறது, வலிப்பும் ஓரளவு குறைகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி. வீதம், சாப்பாட்டோடு, ஒன்றிலிருந்து இரண்டு வாரம். ஆனால் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிறது, பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரைதானே என்று நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம் கூடி வலிப்பு மறுபடி வரலாம், அதனால் ஸ்டீராய்டை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டுத்தான் இதைக் கொடுப்போம். கண்ணுக்குள் புழு இல்லை என்று கண் டாக்டர் பார்த்துச் சொல்வதும் அதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

வலிப்பு வந்தபோது கையில் இரும்புச் சாவியைத் திணித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சாவியின் கனத்துக்கு அவன் விரல்தான் அடிபடும். வலிப்பு அதுவாக நின்றிருக்கும், சாவியால் நிற்கவில்லை. இனி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்பிரே ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டரிடம் எழுதி வாங்கலாம். டாக்டர் சொல்லும்வரை பைக் வேண்டாம், ஊருணியிலோ கண்மாயிலோ இறங்க வேண்டாம், மொட்டை மாடிச் சுவர் விளிம்பில் உட்கார வேண்டாம். ராத்திரி கண் விழித்துப் படிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், தூக்கம் கெட்டால் வலிப்பு எட்டிப் பார்க்கும். கல்லூரிக்கு அவன் தாராளமாகப் போகலாம்.

6 மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கட்டி முழுவதும் மறைந்து, இடையில் வலிப்பும் வராமல் இருந்தால் வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம். சுண்ணாம்பு படிந்து சின்ன வெள்ளைப் புள்ளியாக நின்றுவிட்டால் மாத்திரை நீண்ட காலம் தேவைப்படும். அந்தப் புள்ளியைப் பார்க்க எம்ஆர்ஐயைவிட சாதாரண சிடி நன்றாக உதவும். கட்டி வளர்ந்திருந்தாலோ, நடுவிலேயே தலைவலியும் வாந்தியும் கூடி, பார்வை மங்கி, கை பலவீனப்பட்டாலோ, நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடும். அப்போது 6 மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும், பயாப்சி, அதாவது கட்டியில் துளி எடுத்துச் சோதிப்பது பற்றிய பேச்சும் அப்போதுதான் வரும்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். படங்கள் இருக்கும் டிஸ்க்கை ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்கி, நரம்பியல் மருத்துவரிடம் கொடுத்து, “வளையத்துக்குள் புள்ளி தெரிகிறதா, நடுக்கோடு சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். டிபி மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், அதையும் அவரே பார்த்து முடிவு சொல்லட்டும்.